ராணிக்குச் சீனி வேண்டாம்

மதுரை
22.4.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

சந்திரா எழுதுகிறேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு மாமா வீட்டில் பாயசம் வைத்தார்கள். மாமி மனம் கோணக்கூடாதென்று இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன், வயிறுதான் கோணிக்கொண்டது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை, வெயிலைத் தவிர.

தம்பி அனுப்பிய ராணி எறும்பு ஒரு கால்கூட உடையாமல் தீப்பெட்டியில் வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், பெரிய தலை, இடுப்பில் ஒற்றை முடிச்சு. கட்டெறும்புச் சாதி என்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். அதிலே எந்த இனம் என்று பேராசிரியர் கேட்டபோது விழித்தேன். ராணிகளை மட்டும் பார்த்தால் அக்கா தங்கைகள் மாதிரி இருக்கிறார்கள். அவள் பெற்ற முதல் ஈட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இன்னாரென்று அடித்துச் சொல்ல முடியும். கொடைக்கானல் ராணியும் நம் எல்கடுவ ராணியும் ஒரே இனமா என்பதுதான் என் ஆராய்ச்சியே. அதனால் தம்பியின் தயவு வேண்டியிருக்கிறது.

மழை விட்டதும் நம் தோட்டத்துத் தேயிலை பேக்டரி வெளிச்சத்துக்கு வருகிறவர்களில் இறக்கையை உதிர்த்தவளாகப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். டிஸ்பென்சரியில் ஊசி மருந்து வருகிற சின்னக் கண்ணாடிக் குப்பி போதும். அடியில் ஈரப் பஞ்சு, வாயில் காய்ந்த பஞ்சு. தீனி எதுவும் வேண்டாம், சீனிகூட வேண்டாம். பறக்க உதவிய சதை உடம்புக்குள்ளேயே கரைந்து அதுவே அவளுக்குச் சோறாகிவிடும். சீனி போட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் போச்சு. நம் மலைக் குளிரில் முட்டை சீக்கிரம் பொரிக்காது. ஆகவே குப்பியில் எப்போதும் உடம்புச் சூடு படும்படி தம்பி வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் பிறந்ததும் அப்படியே அனுப்பினால் போதும், செத்து வந்தாலும் பரவாயில்லை.

இருமல் மருந்தை நிறுத்தாதீர்கள்.

உங்கள் மகள்,
சந்திரகாந்தா


மாரியம்மன் துணை

எல்கடுவ
13.5.1990

அன்பு மகள் சந்திராவுக்கு,

அப்பா முத்துவீரன் எழுதுவது. உன் கடிதத்தை லய வீடுகளில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். பெட்டைப் பிள்ளையைக் கடல் தாண்டிப் படிக்க அனுப்பினது எறும்புக்கு இடுப்பு பார்க்கவா என்று கங்காணியார் கேட்டார். "எறும்பு ஊரக் கல்லும் தேயும், கங்காணியாரே" என்று சொல்லிவைத்தேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

போன கிழமை இடிமழை. பேக்டரி வாசல் விளக்கடியில் உன் தம்பி முழங்காலில் நின்று ராணி பிடித்தான். நானும் ஒன்று பிடித்துக் கொடுத்தேன். "அப்பா, இது ஈசலு. இதுக்கு இடுப்பே இல்ல பாருங்க" என்று சிரித்தான். அழகமுத்து சிரித்தால் உன் அம்மா பாப்பம்மா மாதிரியே இருக்கிறான். அவள் இருந்தால் அந்த ஈசலை வறுத்தே கொடுத்திருப்பாள்.

சூடு வேண்டும் என்று நீ எழுதினாய் அல்லவா? அவன் குப்பியின் கழுத்தில் கயிறு கட்டி, தன் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள்ளே போட்டுக்கொண்டு திரிகிறான். குளிக்கும்போதுதான் கழற்றுகிறான். மாத்தளையில் லாபிர் நானா கடைக்கு வேலைக்குப் போகும்போதும் அதோடுதான் போகிறான். அடுத்த வீட்டுக் காம்பரா ராசம்மா, "என்னடா, ஒனக்கு யாருடா தாலி கட்டுனா?" என்று கேட்டு லயமே சிரித்தது.

ஒரு தப்பு செய்தேன். அந்த ராணி பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அவன் குளிக்கப் போன நேரத்தில் கொஞ்சம் சீனி போட்டுவிட்டேன். வந்து பார்த்துவிட்டு என்மேல் பாய்ந்தான். "அக்கா என்னா எழுதிச்சு? இனி நீங்க தொடவே வேணாம்!" பிறகு ஒவ்வொரு சீனியாக ஈர்க்கால் எடுத்துப் போட்டான். இனி நான் தொடுவேனா?

முட்டை இட்டுவிட்டாளாம். உனக்குச் சொல்லச் சொன்னான்.

அப்பா,
முத்துவீரன்


மதுரை
1.7.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

வடக்கே மறுபடியும் சண்டை தொடங்கிவிட்டதாகப் பேப்பரில் எழுதுகிறார்கள். நம் பக்கம் எப்படி? மாமா வானொலியைக் காதிலிருந்து எடுப்பதில்லை. தம்பியை மாத்தளைக்கு அனுப்பாமல் கொஞ்ச நாள் வீட்டில் வைத்திருங்கள். கடை ஓடிப் போகாது.

ராணிக்குப் பிள்ளைகள் பிறந்தார்களா என்று அவனையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எறும்பு எப்படிப் போனாலும் போகட்டும், அவன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

உங்கள்,
சந்திரா


எல்கடுவ
22.7.1990

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒன்றும் இல்லை. பஸ்தான் நேரத்துக்கு வருவதில்லை. அழகமுத்துவுக்குக் கடையில் வேலை அதிகம். லாபிர் நானா அவனைக் கடையிலேயே படுக்கச் சொல்லிவிட்டார். அதனால்தான் அவன் எழுதவில்லை.

இதோடு ஒரு குப்பி வருகிறது. தம்பிதான் பிடித்துக் கொடுத்தான். மழைக்கு மலையெல்லாம் நனைந்து கிடக்கிறது. நீ படிப்பைப் பார்.

அப்பா


மதுரை
19.8.1990

அன்புள்ள அப்பாவுக்கு,

குப்பி கிடைத்தது. ராணி செத்திருந்தாள்; பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி வருத்தமில்லை. பஞ்சில் சீனி ஒட்டியிருந்தது, உள்ளே பூஞ்சை. தம்பி சீனி போடமாட்டானே அப்பா? நீங்கள் போட்டதைக்கூட ஈர்க்கால் எடுத்தவன் ஆயிற்றே?

உங்களை நான் கோபிக்கவில்லை. அவன் கடையில் படுத்தால் குப்பி உங்கள் கைக்குத்தான் வந்திருக்கும், நீங்களும் பாவம் பார்த்திருப்பீர்கள். ஆனால் கடையில் பேனாவும் கடதாசியும் இருக்குமே. பொருள் சுற்றுகிற கடதாசியிலாவது அவன் "அக்கா" என்று ஒரு வார்த்தை எழுதக்கூடாதா? அவன் என்மேல் கோபமா?

நீங்களும் முன்போல எழுதுவதில்லை. கங்காணியார், ராசம்மா, ஒருவர் பேச்சும் இல்லை. அந்தக் கடிதத்தை யாரோ அந்நியர் எழுதினாற்போல் இருந்தது.

உங்கள்,
சந்திரா


எல்கடுவ
28.10.1990

அன்பு மகளுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. தம்பிக்குப் பெருவிரலில் நகச்சுற்று. பேனா பிடிக்க முடியவில்லை. ஆறியதும் எழுதுவான். உன்மேல் கோபம் என்று யார் சொன்னது? உன் பெயரைச் சொல்லாமல் அவன் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இந்தத் தடவை புதுமாதிரி ராணி. பச்சை நிறம். வயிறு பருத்து, பார்க்க அழகாக இருந்தாள். பேக்டரி விளக்கடியில் தம்பி பிடித்தான். அபூர்வமான இனமாக இருந்தால் உனக்கு நல்ல பெயர் வருமே என்று நினைத்தோம். தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்புகிறேன். சீனி போடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


மதுரை
18.11.1990

அப்பா,

அந்தப் பச்சை ராணி யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை. அவள் அபூர்வமானவள் இல்லை. முசிறு. மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிற அந்தச் சிவப்பு எறும்பின் ராணி. பிள்ளைகள் சிவப்பு, தாய் மட்டும் பச்சை. அதனால் உங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. நம் தோட்டத்தில் மாமரமும் இல்லை, முசிறும் இல்லை. அந்த மலையில் பிறந்து வளர்ந்தவள் நான், ஒரு கூடுகூடப் பார்த்ததில்லை. அவள் வெப்பமான கீழ்நாட்டுக்காரி. பேக்டரி விளக்கடியில் தம்பி அவளைப் பிடித்திருக்க முடியாது.

கீழ்நாட்டில் மாமரத்தடியில் உங்களுக்கு என்ன வேலை அப்பா?

தம்பிக்கு நகச்சுற்று இல்லை. அவன் கடையிலும் இல்லை. என் தம்பி எங்கே? எதுவானாலும் எழுதுங்கள். மாமாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சந்திரா


மாரியம்மன் துணை

எல்கடுவ
9.12.1990

என் தங்கமே சந்திரா,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். எறும்பு எறும்புதானே, எங்கே பிடித்தால் என்ன என்று நினைத்துவிட்டேன். அதற்கும் ஊர் உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் அம்மா. சண்டை தொடங்கின கையோடு, ஜூன் மாதக் கடைசியில். மாத்தளைக் கடைத்தெருவை ஆமிக்காரர்கள் வளைத்து, தமிழ்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்களாம். மற்றப் பிள்ளைகளை அடையாள அட்டை பார்த்து விட்டுவிட்டார்கள். இவனை ஜீப்பில் ஏற்றினார்கள். லாபிர் நானா ஓடிப் போய்ச் சிங்களத்தில் மன்றாடியிருக்கிறார். என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "நான் செல்லிப் பாத்தேன் முத்துவீரன், இவன் எங்கட கடைப் புள்ள, எனக்குத் தெரியும்ண்டு. என்னையும் துவக்குப் பிடியால தள்ளி விட்டானுகள்."

தம்புள்ளைப் பாதையில் ஒரு முகாமில் இருப்பதாக ஒரு டிரைவர் சொன்னார். அன்றிலிருந்து பேக்டரியில் லீவு கிடைக்கிற நாளெல்லாம் அங்கே போகிறேன். கேட்டுக்கு எதிரே ஒரு மாமரம். பிள்ளையைத் தேடி வருகிற எல்லோரும் அதன் கீழேதான் உட்காருவோம். சிங்களத் தாய்மார்தான் அதிகம். தெற்கில் நடந்த கிளர்ச்சியில் பிடிபட்ட அவர்கள் பிள்ளைகள் போய் ஒரு வருஷத்துக்கும் மேலாகிறது. மழை பெய்தால் மரத்திலிருந்து எறும்பு கொட்டும். அதில் ஒரு அம்மா, கைக்குட்டையால் என் முதுகைத் தட்டிவிடுவாள். அந்தப் பச்சை ராணி என் மடியில்தான் விழுந்தாள். உனக்கு ஆகும் என்று பொத்திக்கொண்டு வந்தேன்.

சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறேன். கேட்டில் வாங்குவதில்லை. "எஹெம கெனெக் நே" என்கிறார்கள், அப்படி ஒருத்தன் இல்லையாம். இல்லாதவனுக்குச் சோறு எதற்கு என்று சிரிக்கிறார்கள். பொட்டலத்தை மரத்தடியில் எல்லோருமாகத் தின்றுவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்தால் உனக்கென்று பிடித்த ராணி குப்பியில் கிடக்கிறாள். சீனி போடக்கூடாது என்று தெரியும். ஆனால் அடைத்து வைத்திருப்பதற்கு ஒரு வாய் கொடுக்காமல் என்னால் படுக்க முடியவில்லை. அதனால்தான் போட்டேன்.

ஏன் பிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. காலம் அப்படி. நீ வந்துவிடாதே. இருக்கிற ஒன்றையாவது நான் கண்ணுக்கு மறைவாக வைத்துக்கொள்கிறேன்.

அப்பா,
முத்துவீரன்


மதுரை
30.12.1990

அப்பா,

உங்கள் கடிதத்தை மாமாதான் எனக்கு இரண்டாம் தடவை வாசித்துக் காட்டினார். முதல் தடவை நான் வாசித்தது எனக்குப் புரியவில்லை. மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன்.

சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எதைத் தேடினார்கள் என்று மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. இயக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் விஷக் குப்பி கட்டியிருப்பார்களாம். பிடிபட்டால் கடித்துச் சாவதற்கு. சின்னக் கண்ணாடிக் குப்பி. கயிற்றில் கட்டி, சட்டைக்குள்ளே.

அப்பா, அன்றைக்கு அவன் கழுத்தில் அது இருந்ததா?

உடம்புச் சூடு படும்படி வைத்துக்கொள் என்று எழுதியது நான். அவன் என்ன சொல்லியிருப்பான்? ராணி எறும்பு என்று சொல்லியிருப்பான். அக்கா கேட்டது என்று சொல்லியிருப்பான். அக்கா எங்கே என்று கேட்டிருப்பார்கள். இந்தியாவில் என்று சொல்லியிருப்பான், அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. துவக்கோடு நிற்கிறவனிடம் இதையெல்லாம் சொன்னால் கேலி செய்கிறான் என்றுதானே நினைப்பான்?

நான் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அலமாரியில் வரிசையாக இருக்கும் குப்பிகள்மேல் துணியைப் போட்டு மூடிவிட்டேன். இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

சந்திரா


எல்கடுவ
20.1.1991

என் மகள் சந்திராவுக்கு,

இல்லை. இல்லவே இல்லை. உனக்கு ஏன் இப்படி ஒரு நினைப்பு?

அன்றைக்குக் காலையில் அவன் குளிக்கும்போது குப்பியைக் கழற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மறந்து, வெறும் கழுத்தோடு ஓடினான். ராசம்மாகூடப் பார்த்தாள். நான் அன்றிலிருந்து அதைத் தொடவில்லை, பஞ்சைத் திறந்து பார்க்கவில்லை. அவன் வந்து திறக்கட்டும் என்று அப்படியே வைத்திருந்தேன். இப்போது உன் மனம் ஆறட்டும் என்று கயிற்றோடு அனுப்புகிறேன். ராணியும், அவள் பக்கத்தில் பொடிப் பிள்ளைகளும் இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிகிறது. எப்போது செத்தன என்று தெரியாது. நீ கேட்டது இதுதானே? பார்த்து இனம் சொல். அவன் பட்ட பாடு வீணாகக் கூடாது.

உன் கடிதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாரோ வேண்டாதவன் காட்டிக் கொடுத்திருப்பான். அல்லது அவன் உயரத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்கள். உன்மேல் ஒரு தூசு பழிகூட இல்லை. இருந்தால் நான் சொல்லமாட்டேனா? நான் உனக்கு எப்போதாவது பொய் சொன்னேனா? அந்த ஒரு தடவையைத் தவிர.

கல்லூரிக்குப் போ. நீயும் நின்றுவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன்?

அப்பா


மதுரை
17.2.1991

அன்புள்ள அப்பாவுக்கு,

குப்பி பத்திரமாக வந்து சேர்ந்தது.

கல்லூரிக்கு எடுத்துப் போய்ப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நம் மலைக் கறுப்பு ராணியேதான். இடுப்பில் ஒற்றை முடிச்சு, வயிற்றில் பொன்னிற மயிர், தோளில் இறக்கை உதிர்ந்த வடு. பக்கத்தில் நாலைந்து பொடிப் பிள்ளைகள். கொடைக்கானல் ராணியின் பிள்ளைகளுக்கு முகம் அகலம், இவர்களுக்கு நீளம். ஆகவே இரண்டும் வேறு வேறு இனம். பேராசிரியரும் சரி என்றார். ஏட்டில் "எல்கடுவ, பேக்டரி விளக்கடி, பிடித்தவர் மு. அழகமுத்து" என்று எழுதிவைத்தேன். அந்த வரியை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னதை நம்புகிறேன் அப்பா. அன்றைக்கு அவன் வெறும் கழுத்தோடுதான் போயிருக்கிறான். மனப் பாரம் இறங்கிவிட்டது. நேற்று நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். மாமியைக் கேட்டால் சொல்லுவாள்.

படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்கு வருகிறேன். வராதே என்று எழுதாதீர்கள், வாசிக்கமாட்டேன். மாமரத்தடியில் உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கும் ஒரு இடம் வேண்டும். உங்கள் முதுகில் விழும் எறும்பை இனி நான் தட்டிவிடுகிறேன்.

இன்னொன்று. கயிறு வேர்வைக் கறை இல்லாமல் புதிதாக இருந்தது; குப்பியின் அடிப் பஞ்சில் கொஞ்சம் சீனி ஒட்டியிருந்தது. தபாலில் வந்த வழியில் எங்கேயாவது ஒட்டியிருக்கும். நீங்கள் திறக்கவில்லை என்றால் திறக்கவில்லைதான்.

முன்பு நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். இனி எதையாவது பிடித்து அடைத்து வைத்தால், அதற்குச் சீனி போடுங்கள் அப்பா.

உங்கள் மகள்,
சந்திரகாந்தா